விருப்பத்தை எழுதுங்கள், மற்றதைத் தூரம் பார்த்துக்கொள்ளும்

ஜனவரி 15 நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் ஊர் மாறிவிடும். ஹாரோ, ஈஸ்ட்ஹாம், லெஸ்டர் என்று வரத் தொடங்கும். வரும் செப்டம்பரில் தொடக்கப் பள்ளியின் முதல் படியான ரிசப்ஷன் வகுப்பில் சேரவேண்டிய பிள்ளைகளுக்காக இங்கிலாந்துக் கவுன்சில்களில் விண்ணப்பிக்க அதுதான் கடைசி நாள். கூடவே நியூஜெர்சியிலிருந்தும் டாலஸ் பக்கத்திலிருந்தும் வரும். நாடு முழுமைக்குமான கடைசி நாள் என்று ஒன்று அங்கே இல்லை. அதனாலேயே அவர்களுக்குப் பயம். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிகளின் கேள்வி வேறு: லண்டன் படிப்பு உசத்தியா, அமெரிக்கப் படிப்பு உசத்தியா? எந்தத் தெரு என்று சொன்னால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் அவசரமான குழப்பம். "பெயர் பெற்ற பள்ளியை முதலில் எழுதிவிட்டு அது கிடைக்காமல் போனால், இரண்டாவது பள்ளி கோபித்துக்கொண்டு கைவிட்டுவிடுமாமே?" என்று பலர் கேட்கிறார்கள். "ஒரே பள்ளியை மட்டும் எழுதினால் கவுன்சிலுக்கு வேறு வழியிருக்காதாமே?" என்று வேறு சிலர். இரண்டும் தவறு. முதலாவது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது, அதனால்தான் இன்னும் உறவுக்காரர்கள் வாயில் உலவுகிறது. இரண்டாவது எக்காலத்திலும் உண்மை இல்லை. எழுதிய ஒரே பள்ளியும் தவறினால், எல்லோருக்கும் கொடுத்தது போக எங்கே காலியிடம் மிஞ்சுகிறதோ அங்கே தள்ளுவார்கள்.

இங்கிலாந்தின் முறை இது. ஒரே படிவம், உங்கள் கவுன்சிலுக்கு. குறைந்தது மூன்று பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுதலாம்; லண்டனில் ஆறு வரை. அமைச்சர்கள் இதைப் பெற்றோரின் தேர்வுரிமை என்பார்கள். உள்ளபடி சொன்னால், ஆறு பள்ளி வாசல்களில் உங்கள் பிள்ளையை வரிசையில் நிறுத்தும் உரிமை. வரிசையில் யார் முன்னால் என்பதைப் பள்ளியின் விதி தீர்மானிக்கும். சிறப்புத் தேவைக்கான திட்டத்தில் பள்ளியின் பெயரே குறிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இடம் உறுதி. அடுத்து அரசுப் பராமரிப்பில் வளரும் பிள்ளைகள். பிறகு, பெரும்பாலான பள்ளிகளில், அங்கே ஏற்கெனவே படிப்பவர்களின் தம்பி தங்கைகள். மிச்சம் எல்லாம் தூரம். தேவாலயப் பள்ளி என்றால் தனிப் படிவமும் ஞாயிற்றுக்கிழமை வருகையும் இதற்கு நடுவே நுழையும்.

நான் நின்று பேச விரும்புவது இதற்கு அடுத்த கட்டத்தை. நீங்கள் முதலாவதாக எழுதினீர்களா, ஆறாவதாக எழுதினீர்களா என்பதைப் பார்த்து எந்தப் பள்ளியும் இடம் தரக்கூடாது. சட்டப்படி தடை.

எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். மேட்டுப் பள்ளி, ஆற்றுப் பள்ளி, முக்குப் பள்ளி என மூன்று; ஒவ்வொன்றிலும் ஓர் இடம் என்று வைத்துக்கொள்வோம். ஜோ, கவின் இருவருக்கும் மேட்டுப் பள்ளி முதல் விருப்பம், ஆற்றுப் பள்ளி இரண்டாவது. மீராவுக்கு ஆற்றுப் பள்ளிதான் முதலில். மேட்டுப் பள்ளிக்கு ஜோவின் வீடு 200 மீட்டர், கவின் வீடு 700. ஆற்றுப் பள்ளிக்கு ஜோ 250, கவின் 300, மீரா 600. முக்குப் பள்ளியில் சேர யாருக்கும் ஆசையில்லை.

பழைய முறையில் முதல் விருப்பங்களை மட்டும் முதலில் பார்ப்பார்கள். மேட்டுப் பள்ளி ஜோவுக்குப் போகும். ஆற்றுப் பள்ளியை முதலில் எழுதியவள் மீரா மட்டுமே, இடம் அவளுக்கு. கவின் இரண்டாவது சுற்றில் ஆற்றுப் பள்ளிக்கு வரும்போது கதவு சாத்தியிருக்கும். மீராவைவிட 300 மீட்டர் பக்கத்தில் இருந்தும் அவன் முக்குப் பள்ளிக்குப் போவான். மனதில் இருந்ததை அப்படியே எழுதியதற்குக் கிடைத்த தண்டனை அது. ஆற்றுப் பள்ளிதான் முதல் விருப்பம் என்று அவன் அப்பா பொய் எழுதியிருந்தால் பிழைத்திருப்பான்.

இன்றைய முறையில் மூன்று பேரின் பெயரும், எழுதிய எல்லாப் பள்ளிப் பட்டியல்களிலும் ஒரே நேரத்தில் ஏறும். மேட்டுப் பள்ளியில் ஜோ முதலிடம். ஆற்றுப் பள்ளியிலும் ஜோவே முதலிடம். ஆனால் பஸ் ஜன்னல் வழியாக இரண்டு சீட்டில் துண்டு போட்டு வைக்கும் வேலை இங்கே நடக்காது. ஜோ மேலே எழுதிய மேட்டுப் பள்ளியைக் கணினி அவனுக்குக் கொடுத்துவிட்டு, ஆற்றுப் பள்ளியில் அவன் பெயரை எடுத்துவிடும். அடுத்து நிற்பவன் கவின், இடம் அவனுக்கு. யாருடைய இடமும் நகராத நிலை வரும்வரை இந்தக் கழித்தல் நடந்துகொண்டே இருக்கும். முக்குப் பள்ளி மீராவுக்கு. அவளுக்கு வருத்தம்தான், ஆனால் அவளைவிடத் தூரத்தில் இருக்கும் யாரும் அவளை முந்தவில்லை.

ஆகவே மனதில் இருக்கும் வரிசையிலேயே எழுதுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பட்டியல் லண்டனில் ஆறோடு முடிகிறது, சில கவுன்சில்களில் மூன்றோடு. ஆறும் ஆசைப் பள்ளிகளாக இருந்தால் கணினியின் நியாயம் உங்களைக் காப்பாற்றாது. நிச்சயம் கிடைக்கக்கூடிய ஒன்றைக் கடைசியிலாவது எழுதுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் போன ஆண்டு கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் வீடு எவ்வளவு தூரம் என்ற விவரத்தைப் பல கவுன்சில்கள் வெளியிடுகின்றன. பள்ளியின் வண்ணப் பிரசுரத்தைவிட அந்த ஒரு வரியைப் படிப்பது பலன்.

இந்தக் கணக்கின் பிறப்பிடம் அமெரிக்கா. 1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணித அறிஞர்கள் கல்லூரிச் சேர்க்கையையும் திருமணப் பொருத்தத்தையும் சேர்த்துவைத்து எழுதிய சிறு கட்டுரையில் இது வந்தது. பள்ளிச் சேர்க்கையில் பொய்க்குப் பரிசு தரும் பழைய முறைக்குப் பொருளியலாளர்கள் வைத்த பெயரே "பாஸ்டன் முறை". அந்நகரப் பெற்றோர்களில் விவரமானவர்கள் கூடிப் பேசி, எதை முதலில் எழுதினால் தப்பிக்கலாம் என்று உத்தி வகுப்பார்கள். விவரம் தெரியாத ஏழைகள் ஆசைப்பட்டதை எழுதி ஏமாறுவார்கள். 2003-இல் அதீலா அப்துல்கதிரோக்லு, தைபூன் சோன்மெஸ் இருவரும் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். 2005-இல் பாஸ்டன் தன் முறையைத் தூக்கிப் போட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 2007-இன் சேர்க்கை விதித்தொகுப்பில் இங்கிலாந்தும் முதல் விருப்பத்துக்கு முன்னுரிமை தருவதைத் தடை செய்தது. ஷாப்லிக்கும், இந்தக் கணக்கைத் தரையில் இறக்கிய ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளியல் நோபல் கிடைத்தது.

இவ்வளவு அழகான இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஏப்ரல் 16 அன்று முடிவுகள் வெளியாகின்றன. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முதல் விருப்பமே கிடைத்துவிட்டது என்று பின்னர் அரசு புள்ளிவிவரம் தரும். பொய்யான எண் அல்ல. ஆனால் கிடைக்காது என்று தெரிந்த பள்ளியை முதலில் எழுதப் பலர் துணிவதில்லை. எட்டும் கிளையில் பழம் பறித்தவர்களை எண்ணிவிட்டு மரமே குட்டை என்பது அரசுகளுக்குக் கைவந்த கலை.

கணினி படிவத்திலிருந்த பொய்யை நீக்கியது. பொய் முகவரிக்கு இடம் பெயர்ந்தது. நல்ல பள்ளிக்கு 400 மீட்டருக்குள் ஒரு வீட்டை ஆறு மாதம் வாடகைக்கு எடுப்பது, பாட்டி வீட்டு முகவரியைக் கொடுப்பது எல்லாம் அங்கே எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பணம் இருந்தால் பொய்யும் தேவையில்லை, வீட்டையே வாங்கிவிடலாம். இங்கிலாந்துக் கல்வித்துறையே 2017-இல் வெளியிட்ட ஆய்வு, தேர்ச்சியில் முதல் பத்து சதவீதத்தில் இருக்கும் தொடக்கப் பள்ளிகளின் அருகே வீட்டு விலை சுற்றுவட்டாரத்தைவிட 8 சதவீதம் கூடுதல் என்றது. கட்டணமில்லாத அரசுப் பள்ளியின் கட்டணம் அதுதான்; வசூலிப்பவர் வீட்டுத் தரகர்.

பொய்யைப் பிடிக்கப் போய்க் கவுன்சில்கள் அடித்த கூத்தும் உண்டு. 2008-இல் பூல் நகரக் கவுன்சில், கடுங்குற்றங்களுக்கான கண்காணிப்புச் சட்டத்தைப் பயன்படுத்தி ஒரு குடும்பத்தை மூன்று வாரம் வேவு பார்த்தது. குழந்தை எந்த வீட்டில் தூங்குகிறது என்று அறிய! குடும்பம் சொன்னது உண்மை என்று ஆயிற்று. 2010-இல் தீர்ப்பாயம் அந்த வேவு சட்டவிரோதம் என்றது.

இனி அமெரிக்கா. நியூயார்க், பாஸ்டன் போன்ற சில பெருநகரங்களை விட்டால், பெரும்பாலான இடங்களில் விருப்பப் பட்டியலே கிடையாது. வீட்டு முகவரிக்கு உரிய பள்ளி எது என்று டிஸ்ட்ரிக்ட் எனப்படும் பள்ளி நிர்வாக வட்டாரத்தின் வரைபடத்தில் முன்பே கோடு போட்டிருக்கும். வாடகை ஒப்பந்தத்தையும் மின்கட்டண ரசீதையும் காட்டினால் கிண்டர்கார்டனில் இடம். விண்ணப்பத் தேதியைத் தேடும் நியூஜெர்சி வாசகர்களுக்குச் சொல்கிறேன்: வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோதே உங்கள் விண்ணப்பம் முடிந்துவிட்டது.

ஒரு பெரிய வித்தியாசம், கோட்டுக்கு அந்தப் பக்கம் இடம் மட்டும் மாறுவதில்லை, பணமும் மாறுகிறது. இங்கிலாந்தில் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தேசியக் கணக்கின்படி பணம் பிள்ளையோடு பள்ளிக்குப் போகிறது. அமெரிக்காவில் பள்ளிச் செலவின் பெரும்பங்கு அந்தந்த வட்டாரத்தின் சொத்து வரியும் மாநில நிதியும்.

இதன் விபரீதத்தை 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சான் அன்டோனியோ வழக்கில் பார்க்கலாம். டெக்சாஸின் அந்த ஒரே நகர்ப்புறத்தில் இரண்டு டிஸ்ட்ரிக்ட். எட்ஜ்வுட் ஏழைகளின் பகுதி; நூறு டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி போட்டது. அலமோ ஹைட்ஸ் வசதியானவர்களின் பகுதி, 0.85 டாலர்தான் போட்டது. அதிக வரி கட்டிய எட்ஜ்வுட்டுக்கு, மாநிலத் திட்டத்துக்கான பங்கு போக, உள்ளூர் வரியாக மாணவர் தலைக்கு 26 டாலர் தேறியது. குறைவாகக் கட்டிய அலமோ ஹைட்ஸுக்கு 333 டாலர். வீடுகளின் மதிப்பு அப்படி. இது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று ஐந்துக்கு நான்கு என நீதிமன்றம் முடித்துவைத்தது. கல்வி, கூட்டாட்சி அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்றும் சொன்னது. பின்னர் டெக்சாஸ் உள்படப் பல மாநில நீதிமன்றங்கள் தம் மாநிலச் சட்டத்தின் கீழ் வேறு தீர்ப்புச் சொல்லி, மாநில நிதி ஓரளவு பள்ளத்தை நிரப்பியிருக்கிறது. கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தக் கோட்டைத் தாண்டியதற்கு ஓஹாயோவின் ஆக்ரன் நகரத் தாய் ஒருவர் 2011-இல் ஒன்பது நாள் சிறையில் இருந்தார். தன் தகப்பனார் முகவரியைக் கொடுத்துப் பிள்ளைகளைப் பக்கத்து டிஸ்ட்ரிக்ட் பள்ளிக்கு அனுப்பினார் என்பது குற்றம். அவரைத் தொடரத் தனியார் துப்பறிவாளரை வைத்திருந்தார்கள். மாநில ஆளுநர் பிற்பாடு குற்றத்தின் தரத்தைக் குறைத்தார்.

மற்ற கேள்விகளுக்கு இடம் குறைவு, வேகமாகப் போகிறேன்.

பிரிட்டன் முழுவதும் இதே விதியா? இல்லை, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனி விதிகள்.

பாடத்திட்டம்? இங்கிலாந்தில் 1988 சட்டத்திலிருந்து தேசியப் பாடத்திட்டம். அமெரிக்க மத்திய அரசு பாடத்திட்டத்தில் கைவைக்கச் சட்டமே தடை.

தேர்வு? இங்கிலாந்தில் முதல் ஆண்டில் 40 சொற்களை வாசிக்கச் சொல்வார்கள். அதில் 20 பொருளற்ற சொற்கள், மனப்பாடத்தைப் பிடிப்பதற்காக. நான்காம் ஆண்டில் வாய்ப்பாடு, 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆறு நொடி. ஆறாம் ஆண்டில் சாட்ஸ் என்ற தேசியத் தேர்வுகள். அமெரிக்காவில் மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பும் கணக்கும்.

இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் "மிகச் சிறப்பு" என்கிறதே, நம்பலாமா? பள்ளிக்கு மொத்தமாக ஒற்றைச் சொல் தீர்ப்பு வழங்குவதை 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள்; கதவில் தொங்கும் பதாகை பழையது.

விசா சிக்கல் இருந்தால் அமெரிக்கப் பள்ளி மறுக்குமா? முடியாது, உச்ச நீதிமன்றத்தின் 1982 பிளைலர் தீர்ப்பு அதைத் தடுக்கிறது.

பிரார்த்தனை? இங்கிலாந்துப் பள்ளிகளில் தினசரிக் கூட்டு வழிபாடு சட்டப்படி கட்டாயம், நடைமுறையில் பல இடங்களில் சும்மா. அமெரிக்க அரசுப் பள்ளி பிரார்த்தனை நடத்தக்கூடாது.

மதியச் சாப்பாடு? இங்கிலாந்தில் முதல் மூன்று வகுப்புகளுக்கு இலவசம். அமெரிக்காவில் மாநிலத்தைப் பொறுத்து.

பள்ளி நடக்கும்போது ஊர்த் திருவிழாவுக்கு வரலாமா? இங்கிலாந்தில் அனுமதி இல்லாமல் வந்தால் பெற்றோர் ஒவ்வொருவருக்கும், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 80 பவுண்டு அபராதம்; 21 நாளில் கட்டாவிட்டால் 160.

மேல்முறையீடு? ரிசப்ஷன் முதல் இரண்டாம் ஆண்டு வரை ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்பது சட்டம், அதனால் வெல்வது அரிது.

காத்திருப்போர் பட்டியலில் முதலில் நிற்கிறோம், இடம் உறுதியா? உறுதியில்லை. அந்தப் பட்டியலும் முந்தி வந்த நாளைப் பார்ப்பதில்லை, பள்ளியின் விதியைத்தான் பார்க்கிறது. மே மாதத்தில் பள்ளிக்கு எதிர்வீட்டில் ஒரு குடும்பம் குடியேறி விண்ணப்பித்தால், நீங்கள் இரண்டாவது.