பனிக்காலத்துக்கும் ஒரு கால அட்டவணை வேண்டும்

திண்டிவனத்திலிருந்து சென்னை, விழுப்புரம், புதுச்சேரி, செஞ்சி, வந்தவாசி, மரக்காணம் என்று எல்லாத் திசைக்கும் சாலைகள் பிரிகின்றன. மதுரையிலும் திருச்சியிலும் இரவு புறப்பட்டுச் சென்னைக்கு விரையும் பேருந்துகளில் பெரும்பாலானவை விடிவதற்கு முன்பே இந்த ஊரைக் கடந்தாக வேண்டும். மார்கழி, தை மாதங்களில் மூடுபனி கட்டுவதும் அதே நேரத்தில்தான். மரக்காணம் சாலையில் உள்ள பெருமுக்கல் குன்றைச் சுற்றி ஏரிகளும் நெல்வயல்களுமாகச் சமவெளி விரிந்து கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் நிலம் ஈரமாக இருக்கும், வானம் தெளிந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும். பகலில் ஏறிய வெப்பத்தை நிலம் இரவில் இழந்து குளிர, அதை ஒட்டிய காற்றின் ஈரம் நுண்துளிகளாகி மூடுபனியாகிறது. பள்ளமான இடங்களிலும் ஏரிக்கரைகளிலும் அது திட்டுத்திட்டாக அடர்ந்து நிற்கும். தெளிவான சாலையில் வரும் ஓட்டுநர் ஒரு வளைவு தாண்டியதும் வெள்ளைச் சுவருக்குள் நுழைவது இதனால்தான்.

அந்தச் சுவருக்குள் என்ன நடக்கிறது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டிவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பேருந்து ஒரு நொடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. முன்னால் ஏதோ நிற்கிறது என்று உணர்ந்து பிரேக்கை மிதிக்க இரண்டு நொடி ஆகுமென்று கொண்டால், அதற்குள்ளாகவே 44 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் முழுமையாக நிற்க ஏறக்குறைய இன்னும் 50 மீட்டர் தேவை. ஈரச் சாலை என்றால் அதற்கும் மேலே. பார்வை 50 மீட்டருக்குள் சுருங்குவதை வானிலைத் துறை மிக அடர்ந்த மூடுபனி என்று வகைப்படுத்துகிறது. அந்த நிலையில் 80இல் வரும் ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், கண்ணில் பட்ட லாரிக்கு முன்னால் நிறுத்த முடியாது. மணிக்கு 40 என்றால் 35 மீட்டரில் நின்றுவிடலாம். பொதுவாகச் சரக்கு, பயணிகள் வாகனங்களில் பொருத்த வேண்டிய வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80ஐத் தாண்டவிடாது. ஆனால் அது தெளிந்த வானத்துக்கான உச்சவரம்பு. பனியில் எந்த வேகம் சரி என்று அந்தக் கருவி சொல்லாது.

இந்த மண்ணில் நடந்த பெரிய விபத்துகளுக்கு மூடுபனிதான் காரணமா என்று கேட்டால், பலவற்றுக்கு இல்லை என்பதே பதில். 2020 பிப்ரவரி 20 அதிகாலை, அவிநாசி அருகே கன்டெய்னர் லாரி ஒன்று சென்டர் மீடியனைத் தாண்டி வந்து, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தின்மீது மோதியதில் 19 பேர் இறந்தனர். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்தார் என்றது முதற்கட்ட விசாரணை. 2022 ஜூலை 8 அன்று அச்சிறுபாக்கத்தை அடுத்த தொழுப்பேட்டில், சிதம்பரம் நோக்கிச் சென்ற அரசுப் பேருந்து முன்னே போன லாரியில் மோதி 6 பேர் உயிரிழந்தனர். அது பனிக்காலமே அல்ல. 2025 டிசம்பர் 24 அன்று திட்டக்குடி அருகே டயர் வெடித்த அரசு விரைவுப் பேருந்து மீடியனைக் கடந்து எதிரே வந்த இரண்டு கார்கள்மீது மோதியது. பனியை வைத்து விபத்தை விளக்குவது தவறான தடம் என்று இதைக் கொண்டு ஒருவர் வாதிடலாம். என் வாதமோ இவற்றிலிருந்துதான் தொடங்குகிறது. வேகம், உறக்கம், தேய்ந்த டயர், தாங்காத மீடியன் ஆகியவற்றால் நம் இரவுப் பயணத்தில் ஆண்டு முழுவதும் பிழைக்கான இடைவெளி குறைவு. பனிக்காலம் அந்தக் கொஞ்ச இடைவெளியையும் பறித்துக்கொள்கிறது.

புள்ளிவிவரமும் இதையே சொல்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் நடந்த 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அதாவது நூறு விபத்துக்குச் சுமார் 37 சாவு. மூடுபனியில் நடந்தவை 34,262. அவற்றில் இறந்தவர்கள் 14,583 பேர், நூற்றுக்குச் சுமார் 43. பெரும்பாலான விபத்துகள் தெளிவான வானிலையில்தான் நடக்கின்றன என்பது உண்மை. ஆண்டின் பெரும்பாலான நேரம் வானம் தெளிவாக இருக்கும்போது அப்படித்தானே இருக்கும்? பனியில் நடக்கும் விபத்து கூடுதலாகக் கொல்கிறது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. பிரேக் பிடிக்க நேரமின்றி, வந்த வேகம் குறையாமலே மோதுவது இதற்கு ஒரு முக்கியக் காரணமாக இருக்க வேண்டும்.

அப்படியானால் ஓட்டுநர் ஏன் வேகத்தைக் குறைப்பதில்லை? விபத்து நடந்ததும் வழக்கு அவர்மீது பதிவாகிறது. அவர் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குச் சேர வேண்டும் என்று முடிவு செய்தவரின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் வருவதில்லை. விடியற்காலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே மனித உடல் உறக்கத்தைக் கேட்கும். ஆம்னி பஸ்ஸோ அரசுப் பேருந்தோ, சென்னையைக் காலையில் தொடும் அட்டவணை அந்த நேரத்தில்தான் ஓட்டுநரிடம் முழு வேகத்தை எதிர்பார்க்கிறது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரைமணி ஓய்வு, இரு பணிகளுக்கிடையே ஒன்பது மணி நேர இடைவெளி என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. பொங்கல் நெரிசலில் சிறப்புப் பேருந்துகள் ஆயிரக்கணக்கில் ஓடும்போது இந்த வரம்புதான் முதலில் நெகிழக்கூடியது. நெடுஞ்சாலையில் காவலர்கள் வண்டியை நிறுத்தி முகம் கழுவச் சொல்வது நல்ல முயற்சி. ஆனால் தூக்கக் கடன் தண்ணீரால் தீராது.

சாலையில் பலகை வைத்து வேகத்தைக் குறைத்தால் போதாதா என்று கேட்கலாம். யமுனா விரைவுச்சாலையில் அதைச் செய்கிறார்கள். டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை கார்களுக்கான வரம்பு 100இலிருந்து 75 ஆகிறது, கனரக வாகனங்களுக்கும் குறைகிறது. ஆனாலும் 2025 டிசம்பர் 16 அதிகாலை, மதுரா அருகே மூடுபனியில் பேருந்துகளும் கார்களும் ஒன்றோடொன்று மோதித் தீப்பிடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சேர வேண்டிய நேரம் மாறாதபோது பலகை தனியே தோற்றுவிடுகிறது. ரயில்வே இதை முன்பே புரிந்துகொண்டது. வட இந்தியாவில் குளிர்கால மாதங்களுக்குச் சில ரயில்களை ரத்து செய்து, சிலவற்றின் நடைகளைக் குறைத்து, மூடுபனியில் வேகத்துக்கு உச்சவரம்பும் வைக்கிறது. தாமதத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுவதால் ரயில் ஓட்டுநர் அதை ஈடுகட்டத் துடிக்க வேண்டியதில்லை.

பயணிகள் ஏற்க மாட்டார்கள், போட்டியில் பின்தங்குவோம் என்பது பேருந்து நடத்துவோரின் பதில். இழப்பு எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 30 கிலோமீட்டர் தொலைவுக்குப் பனி கவிந்திருந்தால், 80இல் 22 நிமிடமாகும் தூரம் 50இல் 36 நிமிடமாகும். மிகுதி 14 நிமிடம்தான். பனி மேலும் அடர்ந்து 40க்கு இறங்கினாலும் 23 நிமிடமே கூடும். எல்லாப் பேருந்துக்கும் ஒரே விதி என்றால் போட்டியில் யாருக்கும் நட்டமில்லை. எனவே மார்கழி, தை மாதங்களுக்குத் தனி அட்டவணை வகுத்து, பயண நேரத்தில் அரைமணி கூட்டி, அதை உரிமத்தின் நிபந்தனையாக்கலாம். ஜி.பி.எஸ். பதிவைக் கொண்டு, சீக்கிரம் சேர்ந்த பேருந்தையும் கேள்வி கேட்கலாம்.

விளக்கின்றி நிற்கும் லாரியை வைத்துக்கொண்டு பேருந்தை மட்டும் குறை சொல்வதா என்ற ஆட்சேபம் நியாயமானது. 2022 விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை பின்புறம் மோதியவை. லாரிகளுக்கு நிறுத்துமிடம் வேண்டும், பின்னால் ஒளிரும் பட்டை வேண்டும், மீடியனில் வண்டியைத் தடுக்கும் வலுவான தடுப்பு வேண்டும். திண்டிவனம் வழியாகச் சென்னை செல்லும் நெடுஞ்சாலையின் விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகளில் எல்லா வண்டியும் வேகம் குறைத்தே தீரும். முன்னே எங்கே பனி, எந்த வேகம் என்று அங்கேயே சொல்லி அனுப்பவும், பார்வை அறவே இல்லாதபோது நிறுத்திவைக்கவும் முடியும். பயணிக்கும் பங்குண்டு. நின்றுபோன வண்டியைக் கண்டால் நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033க்கு அழைக்கலாம். ஏறியதும் அவசர வழி எங்கே என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். 2013இல் மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே தீப்பிடித்த பேருந்தில் 45 பேர் இறந்தது வெளியேற வழியில்லாமல்தான். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழக அரசு இதே திண்டிவனம்-சென்னைச் சாலையிலுள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. அடிபட்ட பின் காப்பாற்றப் பணம் ஒதுக்கிய அரசு, அடிபடாமலிருக்க அட்டவணையில் அரைமணி நேரம் ஒதுக்குவது அதைவிட மலிவானது.