உங்கள் தலைக்கு மேலே என்ன இருக்கிறது?

குட்டீஸ்! சென்னை மெட்ரோ ரயிலில் போயிருக்கிறீர்களா? கோயம்பேட்டில் இருந்து ஆலந்தூர் வரை அந்த ரயில் பூமிக்கு மேலே, உயரமான தூண்கள் மீது ஓடும். 2015-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் முதன்முதலாக ஓடிய மெட்ரோ பாதை அதுதான். அடுத்த முறை அதில் போகும்போது, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கீழே பாருங்கள். தெருவில் நடக்கும்போது நம் கண்ணில் படாத இன்னொரு ஊர் அங்கே இருக்கும். அது கூரைகளின் ஊர்!

கறுப்புத் தண்ணீர்த் தொட்டி நிற்கும் மொட்டை மாடி. அதில் பழைய வேட்டி விரித்துக் காயும் வடாம். பக்கத்திலேயே பாசி படிந்த ஓட்டு வீடு. கொஞ்சம் தள்ளி, காற்றில் பறக்காமல் இருக்கக் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்த ஷீட் வீடுகள். ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் வந்தால் நீளநீளமான தொழிற்கூடங்கள்.

ஒரே ஊர். ஒரே வெயில். ஒரே மழை. அப்புறம் ஏன் இத்தனை விதமான கூரைகள்?

கூரைக்கு நான்கு எதிரிகள்: வெயில், மழை, காற்று, நெருப்பு. நான்கையும் ஒரே மாதிரி ஜெயிக்கிற கூரை இதுவரை வரவில்லை. ஒன்று வெயிலை நன்றாகத் தடுக்கும், நெருப்பிடம் தோற்றுவிடும். இன்னொன்று மழைக்குக் கெட்டி; காற்றிடம் ஏமாந்துவிடும். ஐந்தாவதாக ஒரு ஆள் இருக்கிறார். அவர் பெயர் பணம். பெரும்பாலும் கூரையைத் தேர்ந்தெடுப்பது அவர்தான்!

ஜில்லென்று ஒரு கீற்று

கோடை விடுமுறையில் கிராமத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். வெளியே வெயில் கொளுத்தும். கீற்றுக் கொட்டகைக்குள் நுழைந்தால் உடம்பு குளிர்ந்துவிடும். தென்னை மட்டையை இரண்டாகக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்து, ஓலைகளை ஒன்றுக்குள் ஒன்று விட்டு முடைவார்கள். அதுதான் கீற்று. ஓலைகளுக்கு நடுவே காற்று தங்கி நிற்கும். அந்தக் காற்று, மேலே அடிக்கிற வெயிலைச் சுலபமாகக் கீழே விடாது. அதனால்தான் குளிர்ச்சி.

மழை? கீற்றுக் கூரையை நன்றாகச் சரித்துத்தான் வேய்வார்கள். சரிவு அதிகமாக இருந்தால் தண்ணீர் நிற்க நேரமில்லாமல் ஓடிவிடும். ஆனால் ஓலை சீக்கிரம் மக்கும். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை புதுக் கீற்று போட வேண்டும். அந்தச் செலவைத் தள்ளிப்போட்ட வீட்டில், ஐப்பசி மழைக்கு அண்டா, குண்டான் எல்லாம் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்!

நெருப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஓட்டுக்குள் ஒரு முத்திரை

ஓட்டு வீட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் குழாய் மாதிரி மண்ணை வனைந்து, அதை இரண்டாகப் பிளந்து சுட்டால் இரண்டு ஓடு கிடைக்கும். ஒன்றை மல்லாக்காகவும் அடுத்ததைக் கவிழ்த்தும் அடுக்குவார்கள். பூனை ஓடினாலும் குரங்கு குதித்தாலும் நகர்ந்துவிடும். அதனால் மழைக்காலத்துக்கு முன்னால் ஆள் ஏறி, ஓடுகளைச் சரிசெய்து அடுக்க வேண்டும்.

இன்னொன்று தட்டையாக, வரி வரியாக இருக்கும் மங்களூர் ஓடு. சில ஊர்களில் சீமை ஓடு என்பார்கள். 1865-ம் ஆண்டு மங்களூரில், நேத்ராவதி ஆற்றங்கரை அருகே ஜெப்பு என்ற இடத்தில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஜெர்மனியைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்பவர்தான் அதற்குக் காரணம். அந்தப் பக்கத்து ஆற்றுக் களிமண் ஓடு செய்ய அருமையாக இருந்தது. ஒரு ஓட்டின் பள்ளத்தில் அடுத்த ஓட்டின் மேடு போய் உட்காரும். பூட்டும் சாவியும் மாதிரி! பூனைக்கு அசையாது. தண்ணீரும் உள்ளே புகாது. கப்பலிலும் ரயிலிலும் ஏறி அந்த ஓடு தேசமெங்கும் போனது.

உங்கள் தாத்தா வீட்டில் கழற்றிப் போட்ட பழைய ஓடு கிடக்கிறதா? திருப்பிப் பாருங்கள். செய்த தொழிற்சாலையின் பெயர் முத்திரையாக இருக்கும். பாசல் மிஷன் என்ற பெயரும் 1865 என்ற எண்ணும் இருந்தால் அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்!

கடுக்காய் குடித்த மாடி

சென்னையில் நூறு வருடத்துக்கு மேல் பழமையான கட்டடங்களில் அண்ணாந்து பாருங்கள். மரச் சட்டங்கள் வரிசையாகத் தெரியும். அவற்றுக்கு மேலே சின்னச் சின்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாக, சாய்வாக அடுக்கியிருப்பார்கள். இதற்கு ‘மெட்ராஸ் டெரஸ்' என்றே பெயர். இடையில் இரும்புக் கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. செங்கல்லுக்கு மேலே உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை மேலே தெளிப்பார்கள். அது சுண்ணாம்பை இறுக வைக்கும். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இத்தனை கனமான மாடிக்குள் வெயில் இறங்குவதற்குள் சாயங்காலமே வந்துவிடும்!

இதைச் செய்ய நாளும் ஆளும் நிறைய வேண்டும். அதனால் கான்கிரீட் வந்தவுடன் இது மெல்ல மறைந்துவிட்டது.

கான்கிரீட் தளம் போடும் நாளைப் பார்த்திருப்பீர்கள். பலகை அடித்து, கம்பி கட்டி, சிமெண்ட், மணல், ஜல்லிக் கலவையைக் கைக்குக் கை மாற்றிக் கொட்டுவார்கள். கம்பி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்களா? கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் இழுத்தால் விரிசல் விடும். கம்பி இழுவையைத் தாங்கும். இரண்டும் கூட்டணி சேர்ந்துதான் உங்கள் தலைக்கு மேலே நிற்கின்றன. மறுநாள் தளத்தில் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் விடுவார்கள். காயக் காய கெட்டியாகும் என்று நினைத்துவிடாதீர்கள். ஈரம் இருந்தால்தான் சிமெண்ட் நன்றாக இறுகும்.

கான்கிரீட்டுக்கு நெருப்பு பயமில்லை, புயலுக்கும் பறக்காது. ஆனால் வெயிலைப் பகல் முழுக்கக் குடித்துவிட்டு, ராத்திரி நாம் தூங்கும்போது திருப்பிக் கொடுக்கும். மாடி வீட்டுக்காரர்கள் பாயை எடுத்துக்கொண்டு வெளியே வருவது இதனால்தான். தகர ஷீட் இதற்கு நேர் எதிர். சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். மத்தியானம் 2 மணிக்குத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளைக்கு, ராத்திரி ஆறிவிடும் என்பதில் என்ன ஆறுதல்? மேலே வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளை பெயின்டோ அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். தெலங்கானாவில் 2023-ம் ஆண்டு இதற்கென்றே ‘குளிர் கூரைக் கொள்கை' கொண்டு வந்தார்கள்.

ஒரு கணக்கு போடுவோமா? 100 சதுர மீட்டர் மொட்டை மாடி. அதில் 1 செ.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர் தண்ணீர்! 2015-ம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 செ.மீ. பெய்தது. அப்படியென்றால் அந்த ஒரு மாடியில் மட்டும் 49,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பிடித்தால் நான்கு லாரி நிரம்பி வழியும். தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது சும்மா இல்லை. மாடிக் குழாயின் வாயில் மாவிலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருந்தால் அத்தனை தண்ணீரும் மேலேயே நிற்கும். மெல்ல விரிசலில் இறங்கி, உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி உப்பி, காரையைத் தள்ளும். மேலே இருந்து பொத்தென்று ஒரு துண்டு விழும்.

ஷீட் ஏன் பறக்கிறது?

ஒரு காகிதத் துண்டை நீளமாக வெட்டுங்கள். ஒரு நுனியை உங்கள் கீழ் உதட்டுக்குக் கீழே பிடியுங்கள், மறுநுனி தொங்கட்டும். இப்போது காகிதத்துக்கு மேலாக வேகமாக ஊதுங்கள். கீழே போக வேண்டிய காகிதம் மேலே எழும்புகிறது அல்லவா? புயலில் ஷீட்டுக்கு நடப்பதும் ஏறக்குறைய இதுதான். காற்று கூரைக்கு மேலே வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கதவு வழியாக உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. கூரை மேல்நோக்கிப் பிடுங்கப்படுகிறது!

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, மரங்களோடு ஏராளமான ஷீட்டுகளும் பறந்தன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, டெல்டா மாவட்டங்களில் கூரை இழந்த வீடுகளுக்குக் கணக்கே இல்லை. கல் ஏற்றி வைப்பது சின்னக் காற்றுக்குத்தான் உதவும். சட்டத்தை வளைத்துப் பிடிக்கிற கொக்கி போல்ட்டை, ஓரங்களில் நெருக்கமாகப் போட வேண்டும். காற்று முதலில் பிடுங்கிப் பார்ப்பது ஓரத்தைத்தான்.

ஷீட்டில் இன்னொரு எச்சரிக்கை. சாம்பல் நிற சிமெண்ட் ஷீட்டுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் கலந்திருக்கும். அதை உடைத்தாலோ அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறந்து நுரையீரலுக்குள் போகும். பல வருடம் கழித்து நோய் வரலாம். பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. இந்த ஷீட் ஆள் எடையையும் தாங்காது. பட்டென்று உடையும். பந்து மேலே விழுந்தால் பந்து போகட்டும். ஏறாதீர்கள்!

தொழிற்சாலைக்கு என்ன கூரை?

கிண்டி தொழிற்பேட்டை 1958-ல் தொடங்கியது. அதுபோன்ற இடங்களில் உள்ள தொழிற்கூடங்களுக்கு நடுவில் தூண் இருக்கக் கூடாது. இயந்திரத்தை எங்கே வைப்பது? லாரி எப்படித் திரும்பும்? அதனால் இரும்புச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்து, சுவரிலிருந்து சுவருக்குத் தாண்ட விட்டு, மேலே லேசான ஷீட் போடுவார்கள். கான்கிரீட் போட்டால் அதன் எடையைத் தாங்கவே தூண் வேண்டும்.

பழைய நூற்பாலைகளின் கூரை, ரம்பத்தின் பல் மாதிரி இருக்கும். செங்குத்தான பக்கத்தில் கண்ணாடி வைத்து, அது வடக்கு பார்க்கும்படி கட்டுவார்கள். பெரும்பாலான மாதங்களில் வெயில் நேராக உள்ளே விழாது. வெளிச்சம் மட்டும் வரும். மெல்லிய நூல் அறுந்தால் தொழிலாளிக்கு உடனே தெரிய வேண்டுமே! சில கூரைகளில் வெள்ளிப் பூசணிக்காய் மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு மின்சாரம் கிடையாது. வெளிக்காற்றும் உள்ளே இருந்து எழும் சூடான காற்றும் அதைச் சுற்றுகின்றன. சூடு வெளியேறிவிடும்.

தியாகராய நகர் கடைகளில் கதை வேறு. அங்கே கூரை என்பது இன்னொரு மாடி. ஏ.சி. இயந்திரம், ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, பெரிய பெயர்ப்பலகை எல்லாம் மேலேதான். அத்தனை எடையையும் முதலிலேயே கணக்குப் போட்டுத் தளம் அமைக்க வேண்டும்.

2004, ஜூலை 16

இப்போது நெருப்புக்கு வருவோம். காய்ந்த ஓலைக்கு ஒரு தீப்பொறி போதும். குடிசைகள் நெருக்கமாக உள்ள இடத்தில் ஒன்று பற்றினால் தெருவே போய்விடும். 1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டதும், கான்கிரீட் அடுக்குமாடி வீடுகளை அது கட்டியதும் இந்தத் துன்பங்களைப் பார்த்துத்தான். (2021-ல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.)

ஆனால் தமிழ்நாட்டையே அழ வைத்தது கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம். அன்று வெள்ளிக்கிழமை. மாடியில் இருந்த வகுப்பறைகளுக்குக் கீற்றுக் கூரை. மதிய உணவு சமைக்கும் இடத்தில் பிடித்த தீ, கூரைக்குத் தாவியது. மேலே நிறையப் பிள்ளைகள். இறங்குவதற்குக் குறுகலான வழி. எரியும் கீற்று மேலே இருந்து விழுந்தது. 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். எல்லோரும் உங்களைவிடச் சின்னவர்கள் அல்லது உங்கள் வயதுக்காரர்கள்.

கீற்று கெட்டது என்று சொல்லிவிட முடியாது. குளிர்ச்சி, செலவு குறைவு என்றுதான் அங்கேயும் வேய்ந்திருப்பார்கள். வயல் நடுவே ஒரு கொட்டகையில் தீப்பிடித்தால் நாலு பக்கமும் ஓடலாம். மாடியில், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மேலே அதே கீற்று இருந்தால் ஓட வழியில்லை. கூரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், எப்படி வெளியே வருவார்கள் என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் பள்ளிகளில் தீ பாதுகாப்பு ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நாளை வகுப்புக்குப் போனதும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கூரை எதனால் ஆனது? பழுப்பு நிறத்தில் ஈரக் கறை இருக்கிறதா? காரை உப்பியிருக்கிறதா? கம்பி தெரிகிறதா? பிறகு கதவுகளை எண்ணுங்கள். படிக்கட்டில் உடைந்த பெஞ்சும் பழைய பீரோவும் வழி மறித்து நிற்கின்றனவா என்று பாருங்கள். பார்த்ததைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். அக்டோபர் மழைக்கு முன்னால் கொடுத்தால், ஏறிச் சரிசெய்பவர்களுக்கு நேரம் இருக்கும்.