மறந்துவிட அனுமதிக்காத வண்டிகள்: எலெக்ட்ரானிக் சிட்டியில் பழைய யெஸ்டி, புல்லட் மீது ஏன் இத்தனை பிடிப்பு?

பெங்களூரு: கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களின் 332 ஏக்கர் நிலத்தில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் எலெக்ட்ரானிக் சிட்டியை அமைத்தது 1978-ஆம் ஆண்டில். யெஸ்டி ரோட்கிங் என்ற 250 சிசி மோட்டார் சைக்கிள் மைசூரில் இருந்து விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். எலெக்ட்ரானிக் சிட்டி இன்று நாட்டின் முன்னணி மென்பொருள் நிறுவனங்கள் குவிந்திருக்கும் இடம். ரோட்கிங்கைத் தயாரித்த தொழிற்சாலையோ 1996-இல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும், வாரநாட்களில் நெரிசலில் திணறும் ஓசூர் சாலையில் ஞாயிறு அதிகாலை நின்று பார்த்தால், இரண்டு சைலன்சர்களிலும் நீலப் புகை கசிய ஒரு யெஸ்டியோ ஜாவாவோ கடந்து செல்வதைக் காண முடியும்.

இன்றைய அளவுகோலில் பார்த்தால் இவை குறைகள் நிறைந்த வண்டிகள். குளிர்ந்த காலையில் முதல் உதையில் இயங்காது. பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்கு முன் சற்று யோசிக்கும். பழைய 6 வோல்ட் மின்னமைப்பு கொண்ட வண்டிகளின் முகப்பு விளக்கு, மழை இரவில் சாலையைவிடத் தன்னைத்தான் அதிகம் காட்டும். நிறுத்திய இடத்தில் எண்ணெய்த் துளி விழும். மைலேஜ் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. இவ்வளவையும் அறிந்துதான் இவற்றைத் தேடி வாங்குகின்றனர். அவர்களில் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு பிறந்தவர்களும் உண்டு என்பதால், இளமைக்கால நினைவு என்ற ஒரே காரணத்தைச் சொல்லி இதைக் கடந்துவிட இயலாது.

மைசூரில் பிறந்த வண்டி

செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா நிறுவனத்தின் உரிமத்துடன் ருஸ்தம் இரானி, ஃபரோக் இரானி ஆகியோர் தொடங்கிய ஐடியல் ஜாவா நிறுவனம், மைசூரின் யாதவகிரி பகுதியில் 1961-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலையைத் திறந்து வைத்தவர் மைசூர் மகாராஜாவும் அப்போதைய ஆளுநருமான ஜெயசாமராஜேந்திர உடையார். பெங்களூருவில் அவர் பெயரைத் தாங்கிய ஜே.சி. சாலை, வாகன உதிரிபாகக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. பழைய ஜாவாவுக்குப் பாகம் தேடுவோரின் கால்கள் இன்றும் அந்தச் சாலைக்குத்தான் செல்கின்றன.

உரிமக் காலம் முடிந்த பின் 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வண்டிகள் வெளிவந்தன. ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர்கள் என்பது இவற்றின் அடையாளம். மற்றோர் அடையாளம் இடப்பக்க லீவர். அந்த ஒரே லீவர்தான் கியரும் கிக்கரும். அதை உள்நோக்கி அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். உதைத்து முடித்துக் கீழே இறக்கினால் கியர். முதல் முறை ஏறுபவர் கிக்கர் எங்கே என்று வலப்பக்கம் தேடுவார். தெரிந்தவர்கள் சிரித்தபடி காத்திருப்பார்கள். வண்டியைத் திருட வந்தவருக்கும் இதே குழப்பம் நேரும் என்பது உரிமையாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வரும் வேடிக்கை.

இந்த வண்டிகளின் வீழ்ச்சி எங்கிருந்து தொடங்கியது என்பதில்தான் இன்றைய விருப்பத்துக்கான விளக்கமும் இருக்கிறது. 1985-இல் ஹீரோ ஹோண்டா நிறுவனம் சிடி 100 என்ற நான்கு ஸ்ட்ரோக் வண்டியை அறிமுகப்படுத்தியது. பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு என்பதே அதன் புகழ்பெற்ற விளம்பரத்தின் சாரம். அலுவலகத்துக்கும் ஆலைக்கும் தினமும் செல்லும் குடும்பஸ்தருக்கு இதைவிட நல்ல வாக்குறுதி இருக்க முடியாது. லிட்டருக்குக் கிடைத்த கூடுதல் கிலோமீட்டர்கள் மட்டும் அல்ல, வண்டியைப் பற்றி நினைக்காமல் இருக்கும் சுதந்திரத்தையும் சேர்த்துத்தான் மக்கள் வாங்கினர். யெஸ்டியால் அந்தச் சுதந்திரத்தைத் தர முடியவில்லை. பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் லிட்டருக்கு 30 முதல் 40 மில்லி வரை எண்ணெய் அளந்து ஊற்ற வேண்டிய வண்டியை எப்படி மறப்பது?

இன்று அதே பண்புக்காகவே அது விரும்பப்படுகிறது. மறக்க விடாத வண்டி, ஓட்டுபவரைத் தன்னுடன் வேலை செய்ய வைக்கிறது.

உதைப்பதற்கும் ஒரு முறை உண்டு

சென்னை திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டை எடுத்துக்கொள்வோம். இந்திய ராணுவத்தின் தேவைக்காக இங்கிலாந்தில் இருந்து வந்த இந்த வண்டிக்காக, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் இணைந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. இங்கிலாந்தின் தாய் நிறுவனம் மறைந்த பின்னரும், வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட புல்லட் பெரிய மாற்றம் இல்லாமல் சுமார் 2010 வரை இங்கு உருவாகிக் கொண்டிருந்தது. பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் உரியவை. வேறு வண்டியில் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்.

அதை இயக்குவது தனிக் கலை. சாவியைத் திருகியதும் அம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஓரிடத்தில் கால் தடைபடும்; பிஸ்டன் அழுத்தத்தின் உச்சிக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்போது கைப்பிடி அருகே உள்ள டிகம்ப்ரஸர் லீவரை இழுத்து, முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரைச் சற்றே நகர்த்த வேண்டும். லீவரை விட்டுவிட்டுக் கிக்கரை மேலே வரச் செய்து, முழுமையாக, அவசரமின்றி ஓர் உதை. முறை சரியாக இருந்தால் மெலிந்தவரும் இயக்கிவிடலாம். முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் வாங்கியவர்களுக்கு அந்தப் பாடம் மறப்பதில்லை.

அந்த எஞ்சினின் ஓசைக்கும் காரணம் உண்டு. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் பயணிக்கும் தூரம் 90 மில்லிமீட்டர். நீண்ட பயணமும் கனத்த ஃப்ளைவீலும் சேர்ந்து எஞ்சினை மெதுவாகச் சுற்ற அனுமதிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே காதில் விழுவது அதனால்தான். பழக்கப்பட்டவர் அந்த இடைவெளியைக் கேட்டே டைமிங் சரியா தவறா என்று சொல்லிவிடுவார்.

குறையைப் படிக்க முடிவது

புதிய வண்டியில் கோளாறு ஏற்பட்டால் ஒரு விளக்கு எரியும். அது என்ன சொல்கிறது என்பதை அறிய, சர்வீஸ் நிலையத்தின் கருவி வேண்டும். பழைய வண்டியின் கோளாறு கண்ணுக்கும் மூக்குக்கும் காதுக்கும் தெரியும் வடிவில் வருகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் போதும். நுனி கருத்து ஈரமாக இருந்தால் எரிபொருளோ எண்ணெயோ மிகுதி; வெளுத்திருந்தால் காற்று மிகுதி, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது; இளம்பழுப்பு நிறம் என்றால் எல்லாம் நலம். பாயிண்ட் இடைவெளி யெஸ்டியில் சுமார் 0.4 மில்லிமீட்டர். அளக்கும் கருவி கையில் இல்லாதபோது விசிட்டிங் கார்டை நுழைத்துச் சரிபார்ப்பதும் உண்டு. சாலையோரத்தில் நின்ற வண்டி, ஒரு ஸ்பேனரும் உப்புத்தாள் துண்டும் கொண்டு மீண்டும் ஓடும்போது கிடைக்கும் நிறைவு, சர்வீஸ் நிலையத்தில் பணம் கட்டிச் சாவியை வாங்கும்போது கிடைப்பதில்லை.

தன் கை பட்ட பொருளை மனிதர் கூடுதலாக மதிப்பிடுவது ஆய்வுகளிலும் தெரியவந்துள்ளது. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோசோன், டான் ஏரியலி ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே கோத்து முடித்த பெட்டிகளுக்கும் மடித்த காகித உருவங்களுக்கும் பங்கேற்றோர் கூடுதல் விலை தர முன்வந்தனர். இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது: வேலையை முடிக்க முடியாமல் போனாலோ, செய்ததைக் கலைத்துவிட்டாலோ அந்த ஈர்ப்பு மறைந்துவிடுகிறது. மாதக்கணக்கில் பாகம் கிடைக்காமல் சாக்குக்குள் கிடக்கும் எஞ்சின்கள் கடைசியில் விற்பனைக்கு வருவதை இது ஓரளவு விளக்குகிறது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் இந்த ஈர்ப்பு வேர்விடுவதில் வியப்பு இல்லை. இங்கு பலரது அன்றாட வேலை திரைக்குள் நடப்பது; அதன் பலன் கைக்குத் தட்டுப்படாது. இதே நெடுஞ்சாலையில் மாநில எல்லையைத் தாண்டினால் வரும் ஓசூரில் டிவிஎஸ் ஆலையும் ஏத்தர் மின் ஸ்கூட்டர் ஆலையும் உள்ளன. இரவோடு இரவாக மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளும் ஸ்கூட்டரும், கார்புரேட்டரைத் தட்டினால் மட்டுமே பெட்ரோல் இறங்கும் யெஸ்டியும் ஒரே சிக்னலில் நிற்கின்றன. பல வீடுகளில் இரண்டுக்கும் உரிமையாளர் ஒருவரே.

அந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. குறைகளை ரசிக்க, நேரத்துக்குக் கொண்டு சேர்க்கும் வேறொரு வண்டியோ மெட்ரோவோ இருக்க வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகச் செல்லும் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அன்று யெஸ்டியிலும் ராஜ்தூத்திலும் பால் கேன்களைக் கட்டிச் சென்ற வியாபாரி, வண்டி நின்றுபோனால் பால் திரிந்துவிடும் என்றுதான் கவலைப்பட்டிருப்பார். அவரிடம் எண்ணெய்க் கசிவின் அழகைப் பற்றிப் பேசியிருக்க முடியாது.

எல்லாக் குறைகளும் ஒன்றல்ல

சில குறைகள் உயிருக்கே ஆபத்தானவை. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் தொழில்நுட்பத்துடன் 1983-இல் கொண்டுவந்த ராஜ்தூத் 350, இரட்டைச் சிலிண்டர் கொண்ட 347 சிசி வண்டி. அதன் ஹை டார்க் வகையின் திறன் 30.5 குதிரைத்திறன். வெளிநாட்டு ஆர்.டி. 350-இல் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் இருந்தது. இந்திய வண்டிக்கு டிரம் பிரேக் தரப்பட்டது. அந்த வேகத்தை அந்த பிரேக்கால் கட்டுப்படுத்துவது எளிதன்று. இன்று அதை வைத்திருப்போர் பலர் டிஸ்க் பிரேக் பொருத்திக்கொள்வது, குறை மீதான பற்றுக்கும் எல்லை உண்டு என்பதைக் காட்டுகிறது.

புகையின் கதையும் அத்தகையதே. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் புதிய எரிபொருள் கலவை நுழையும் நேரத்திலேயே கழிவுப் புகை வெளியேறும் வழியும் திறந்திருக்கும். கலவையின் ஒரு பகுதி எரியாமலேயே வெளியே போய்விடுகிறது. கூடவே எண்ணெயும் எரிகிறது. இது பராமரிப்புக் குறை அல்ல, வடிவமைப்பிலேயே உள்ளது. எவ்வளவு சீர்செய்தாலும் முற்றிலும் நீங்காது. கடுமையான மாசு விதிகள் வந்ததும் இவ்வகை மோட்டார் சைக்கிள்கள் சந்தையில் இருந்து விலகியது அதனால்தான். ஞாயிறு மட்டும் ஓடும் ஒரு வண்டியின் புகை சிறிது என்ற உரிமையாளர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. பின்னால் வருபவரின் மூச்சுக்கு அந்த வாதம் உதவாது.

சாலையா, காட்சிக்கூடமா?

தலைநகர் டெல்லியில் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கு 2025 ஜூலை 1 முதல் எரிபொருள் மறுக்கும் நடவடிக்கை தொடங்கி, எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. கர்நாடகத்தில் வயதை மட்டும் காரணம் காட்டும் அத்தகைய தடை இல்லை. 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து வண்டியை ஓட்டலாம். அதற்கான மத்திய அரசுக் கட்டணம் இரு சக்கர வாகனங்களுக்கு 2022-இல் 300 ரூபாயில் இருந்து 1,000 ரூபாயாகவும், 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 2025-இல் 2,000 ரூபாயாகவும் உயர்ந்தது.

மற்றொரு வழி, 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட விண்டேஜ் வாகன விதிகள். 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் பழைய வடிவிலேயே உள்ள வண்டிகளுக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் தனிப் பதிவு எண் கிடைக்கும். ஆனால் அதன் பிறகு கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். வழக்கமான பயணத்துக்கு அனுமதி இல்லை. 1960-களின் ஜாவா இந்த வயதை எட்டிவிட்டது. முதல் ரோட்கிங் 2028-இலும், மைசூரின் கடைசி யெஸ்டி 2046-இலும் எட்டும். ஓட்டுவதற்காகவே பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இந்தப் பதிவு பெருமையா கூண்டா என்பது அவரவர் தீர்மானிக்க வேண்டியது.

இதைவிட உடனடிக் கவலை பெட்ரோல் பம்பில் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று பரவலாகிவிட்டது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் உப்பச் செய்யும். கார்புரேட்டர் பழைய அளவிலேயே இருந்தால் கலவையில் எரிபொருள் குறைந்து எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் அது பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போகும் அளவுக்குச் செல்லலாம். இதற்கு மெக்கானிக்குகள் பின்பற்றும் வழிகள் எளியவை: சற்றுப் பெரிய மெயின் ஜெட், எத்தனாலைத் தாங்கும் குழாய்கள், வண்டியை நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்வது.

ஆண்டுதோறும் ஜூலை மாத இரண்டாம் ஞாயிறு சர்வதேச ஜாவா தினமாகக் கொண்டாடப்படுகிறது. பெங்களூருவில் ஜாவா, யெஸ்டி உரிமையாளர்கள் அன்று திரளாகக் கூடுவது வழக்கம். அங்கிருந்து வண்டியை அது பிறந்த ஊரான மைசூருக்கு ஓட்டிச் செல்ல விரும்புவோர், எக்ஸ்பிரஸ் சாலையின் பிரதான பாதையைப் பயன்படுத்த முடியாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதில் இரு சக்கர வாகனங்களுக்குத் தடை. பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர் என ஊர்களுக்குள் புகுந்து செல்லும் பழைய சாலையும் சர்வீஸ் சாலையுமே அவர்களுக்கு வழி.