வேகத்தைக் கூட்டுமுன் வெப்பத்தைக் கவனியுங்கள்

மடிக்கணினியின் கிராஃபிக்ஸ் சில்லை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் இயக்கும் ‘ஓவர்கிளாக்கிங்’ ஆசை எனக்கும் இருந்தது. தடையாக நின்றது வெப்பம். சில்லு உண்ணும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தோடு அதன் வர்க்க விகிதத்திலும் உயர்கிறது. மின்னழுத்தத்தை மட்டும் 10 சதவீதம் கூட்டினாலே வெப்பம் ஏறத்தாழ 21 சதவீதம் ஏறும். பல மடிக்கணினிகளில் மையச் செயலியும் அதே செப்புக் குழாய்களில்தான் தன் சூட்டைக் கொட்டுகிறது. எல்லை தொட்டதும் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கூட்டியது வீண்.

ஆகவே, முதலில் மின்னழுத்தத்தைச் சற்றே குறைத்தேன். விசிறித் தூசியை அகற்றினேன். பின்புறத்தை இரு விரற்கடை உயர்த்தி வைத்தேன். பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்புறத் துளைகள் வழியே மூச்சு வாங்குபவை. மெத்தைமேல் வைப்போர் அறியாமலே அந்த மூக்கைப் பொத்துகிறார்கள்! தொடர்சூடு லித்தியம் பேட்டரியையும் கெடுக்கும். அது உப்பியிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மின்னேற்றவோ அழுத்தவோ குத்தவோ கூடாது.