மேக்ரோ சொல்லாமல் செய்துவந்த வேலை

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் 1992 நவம்பரில் வெளிவந்தது. நிரல் எழுதத் தெரியாதவர்களும் தங்கள் அலுவலகத்துக்கு வேண்டிய தரவுத்தளத்தைத் தாங்களே கட்டிக்கொள்ள அது வழிசெய்தது. அதற்கு முக்கியமான கருவி மேக்ரோ. எக்செலில் மேக்ரோ என்றால் விபிஏ என்ற விஷுவல் பேசிக் வடிவத்தில் எழுதிய நிரல்தான்; ஆக்சஸில் அப்படியில்லை. இந்த ஃபார்மைத் திற, இந்தக் குவெரியை ஓட்டு, இந்த ரிப்போர்ட்டை அச்சிடு என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து வரிசையாக அடுக்குவதே இங்கே மேக்ரோ. அவற்றை விபிஏ நிரலாக மாற்றும் வேலை வரும்போது, நிரலைப் பிழையில்லாமல் எழுதிவிட்டால் போதும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மேக்ரோவுக்காக ஆக்சஸ் தானாகவே செய்துதரும் சில காரியங்கள் மேக்ரோவின் எந்த வரியிலும் இருக்காது. வரிக்கு வரி பெயர்த்தால், எழுதப்படாத அந்தக் காரியங்கள் விடுபட்டுப்போகும்.

பழைய பில்களை வேறொரு டேபிளில் சேர்த்துவிட்டு, நடப்பு டேபிளிலிருந்து நீக்கும் மேக்ரோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் வரி, எச்சரிக்கைப் பெட்டிகளை நிறுத்தும் செட்வார்னிங்ஸ். இரண்டாவது, சேர்க்கும் குவெரி. மூன்றாவது, நீக்கும் குவெரி. எச்சரிக்கையைத் திரும்ப இயக்கும் வரி இதில் இல்லை, தேவையுமில்லை. மேக்ரோ முடிந்ததும் ஆக்சஸே அதை இயக்கிவிடும். விபிஏ-யில் இந்த ஏற்பாடு கிடையாது. நிரல் எச்சரிக்கையை நிறுத்தினால், நிரலே மறுபடி இயக்கும்வரை, அல்லது ஆக்சஸை மூடும்வரை, அது நின்றேதான் இருக்கும். மேக்ரோவை விஷுவல் பேசிக்காக மாற்றும் பட்டன் ஆக்சஸிலேயே இருக்கிறதே, அதை அழுத்தினால் போதாதா என்று கேட்கலாம். அந்தப் பட்டன் மூன்று வரியை மூன்று வரியாக, மிகுந்த விசுவாசத்தோடு பெயர்த்துத் தரும். சிக்கலே அந்த விசுவாசத்தில்தான். பிழையைக் கையாளும் பகுதியையும் சேர் என்று கேட்டால் சேர்க்கும். ஆனால் அது செய்வதெல்லாம் பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு வெளியேறுவது மட்டுமே. எச்சரிக்கையை இயக்கும் கடைசி வரியை மேக்ரோவை எழுதியவர் கவனமாகச் சேர்த்திருந்தாலும், நடுவில் பிழை வந்தால் நிரல் அதைத் தாண்டிப் போய்விடும். அதன்பின் அன்று முழுவதும், ஒரு பதிவைத் தவறுதலாக நீக்கினாலும் ‘நிச்சயமாக நீக்கவா?’ என்ற கேள்வி வராது. கேள்வி ஏன் வரவில்லை என்று யாருக்கும் சந்தேகமும் எழாது.

அப்படியானால் ஓடுகிற மேக்ரோவை ஓடவிட்டுவிடலாமே என்ற வாதம் நியாயமானது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் மேலே சொன்ன மேக்ரோவே பாதுகாப்பானதல்ல. சேர்க்கும் குவெரி ஓடும்போது சில பில் எண்கள் பழைய டேபிளில் ஏற்கெனவே இருந்தால், ஆக்சஸ் அந்தப் பதிவுகளை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைச் சேர்க்கலாமா என்று கேட்கும். எச்சரிக்கை நிறுத்தப்பட்டிருந்தால் கேட்காது. ஆம் என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த வரி, ஒதுக்கப்பட்ட பதிவுகளையும் சேர்த்தே நடப்பு டேபிளிலிருந்து நீக்கிவிடும். அந்தப் பில்கள் இரண்டு டேபிளிலும் இல்லாமல் போகும். இரண்டு குவெரிகளையும் ஒரே கட்டாகக் கட்டி, ஒன்று தவறினால் மற்றதையும் திரும்பப் பெறும் வசதி மேக்ரோவில் இல்லை, விபிஏ-யில் உண்டு. டிரான்சாக்ஷனைத் தொடங்கி, குவெரிகளை எக்சிக்யூட் வழியாக, பிழை வந்தால் நிறுத்து என்ற டிபிஃபெயில்ஆன்எரர் குறிப்போடு ஓட்டி, சேர்ந்த பதிவுகளும் நீங்கிய பதிவுகளும் எண்ணிக்கையில் ஒத்துப்போனால் மட்டுமே உறுதிசெய்யலாம், இல்லையென்றால் ரோல்பேக். எக்சிக்யூட் எச்சரிக்கைப் பெட்டி எதையும் காட்டுவதில்லை என்பதால் செட்வார்னிங்ஸுக்கே வேலையில்லை. அந்தக் குறிப்பை மறந்தால் மட்டும் பழைய கதைதான்: ஒத்துவராத பதிவுகளை அது சத்தமில்லாமல் விட்டுவிடும். இங்கும் மேக்ரோவுக்குக் கிடைத்த சலுகை ஒன்று பறிபோகிறது. குவெரிக்குள் ஃபார்மில் உள்ள தேதிப் பெட்டியைச் சுட்டியிருந்தால், மேக்ரோவிலிருந்து ஓட்டும்போது ஆக்சஸே அந்தத் தேதியை எடுத்துத் தரும். எக்சிக்யூட் தராது, 3061 என்ற எண்ணோடு, அளவுருக்கள் போதவில்லை என்று நின்றுவிடும். தேதியை நிரலே எடுத்துக் கொடுக்க வேண்டும். இது சத்தமாக வரும் பிழை என்பதால் எனக்கு இதில் கவலை குறைவு. சத்தமில்லாதவைதான் கெடுப்பவை.

அடுத்தது, மேக்ரோவை யார் யார் அழைக்கிறார்கள் என்பது. ஃபார்மில் உள்ள பட்டன் அழைக்கலாம், இன்னொரு மேக்ரோ அழைக்கலாம்; இவற்றைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஆக்சஸைத் தொடங்கும் கட்டளையில் /எக்ஸ் என்று போட்டு, ஒரு மேக்ரோவின் பெயரைக் கொடுக்கவும் முடியும். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் இரவுதோறும் அப்படி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தால், தரவுத்தளத்துக்குள் எவ்வளவு தேடினாலும் அது சிக்காது. ஆகவே பெயரை அழிக்காமல், அதே பெயரில் புதிய ஃபங்ஷனை அழைக்கும் ஒற்றை வரி மேக்ரோவை விட்டுவைப்பதே விவேகம். ரன்கோடு என்ற அந்த வரி ஃபங்ஷனை மட்டுமே அழைக்கும், சப் என்று எழுதியதை அழைக்காது. விசைகளுக்கு வேலை ஒதுக்கும் ஆட்டோகீஸ் மேக்ரோவாகவே இருக்க வேண்டும். 2010 பதிப்பில் வந்த டேட்டா மேக்ரோக்களையும் தொடக்கூடாது என்பேன். அவை டேபிளோடு ஒட்டியவை. ஒருவர் ஃபார்மைத் தவிர்த்து டேபிளை நேரடியாகத் திறந்து திருத்தினாலும் வேலை செய்யும். ஃபார்மில் எழுதிய நிரலுக்கு அந்தக் காவல் வராது.

எல்லாவற்றையும் நிரலாக்குவதே தூய்மை என்று வாதிடுவோர் கணக்கில் கொள்ளாத இன்னொன்றும் உண்டு. நம்பகமானதாக ஏற்கப்படாத கோப்பில் விபிஏ ஓடாது. பாதுகாப்பானவை என்று வகைப்படுத்தப்பட்ட மேக்ரோ செயல்கள் ஓடும். இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் விபிஏ-வை இயல்பாகவே தடுக்கும் முடிவை மைக்ரோசாஃப்ட் 2022-இல் எடுத்தபோது ஆக்சஸும் அதில் அடங்கியது. எழுதியவர் கணினியில் வேலை செய்யும் பட்டன், அடுத்த மேசையில் அசையாமல் இருக்கலாம். திறந்தவுடன் ஓடும் ஆட்டோஎக்செக் மேக்ரோவில், கோப்பு நம்பகமானதா என்று இஸ்ட்ரஸ்டட் பண்பைச் சோதித்து, இல்லையென்றால் பயனருக்குச் சொல்லும் வரியை வைப்பது இதனால்தான். அந்த வரியை நிரலில் எழுதிப் பயனில்லை, நிரல்தான் ஓடப்போவதில்லையே.

இவ்வளவு சோதிக்கச் சிறு அலுவலகத்துக்கு ஏது நேரம்? மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-இல் பழைய நிரல்களைக் கையாள்வது பற்றி எழுதிய நூலில் சொன்ன வழி இங்கே கைகொடுக்கும்: மாற்றும் முன், அமைப்பு என்ன செய்ய வேண்டும் என்பதை அல்ல, இப்போது என்ன செய்கிறது என்பதைப் பதிவுசெய்வது. தரவோடு முழுக் கோப்பையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பழைய மேக்ரோவையும் மற்றொன்றில் புதிய நிரலையும் ஓட்டி, டேபிள்களை ஒப்பிட வேண்டும். இதற்கு ஆகும் நேரம், காணாமல் போன பில்களைத் தேடும் நேரத்தைவிட எப்போதும் குறைவு. நல்ல தரவோடு மட்டும் ஓட்டினால் போதாது. ஏற்கெனவே உள்ள ஒரு பில் எண்ணை வேண்டுமென்றே நுழைத்து, புதிய நிரல் மொத்தத்தையும் திரும்பப் பெறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மேக்ரோ சரியான பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். நிதியாண்டு முடிவில் மட்டும் ஓடும் மேக்ரோவின் பழைய வடிவத்தை, புதிய நிரல் ஒரு மார்ச் 31-ஐ உண்மையான தரவோடு கடக்கும்வரை தனிக் கோப்பில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.