புத்தளக் கரையும் சிற்றலை வானொலியும்

"முப்பத்தொரு மீற்றர் என்றால் என்ன?" என்று சென்ற மாதம் எமது வகுப்பிலே கேட்டோம். மாணவர் ஒருவரையொருவர் பார்த்தனர். பின்வரிசையிலிருந்த ஒருவர் எழுந்து, "துணியா, சேர்?" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது, நாமும் சிரித்தோம். அவர்மீது குறையில்லை. அவருடைய பாட்டனார் வீட்டுப் பரணிலே, சிலந்தி வலைக்கு நடுவே, பதின்மூன்று, பதினாறு, பத்தொன்பது, இருபத்தைந்து, முப்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்பது என்று எண்கள் பொறித்த கண்ணாடியோடு ஒரு மரப்பெட்டி கிடக்கக்கூடும். அதனை அவருக்கு எடுத்துக் காட்டுவார் இல்லாது போனதே குறை.

அந்த எண்கள் அலைநீளங்கள். வானொலி அலை ஒரு விநாடியில் மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்வது. அதனை அதிர்வெண்ணால் வகுத்தால் அலையின் நீளம் கிடைக்கும். 9,600 கிலோஹேர்ட்சில் ஒலிபரப்பும் நிலையம் முப்பத்தொரு மீற்றர் வரிசையில் விழும். மத்திய அலை பகலிலே பெரும்பாலும் நிலத்தோடு ஒட்டி ஊர்ந்து சென்று சில நூறு மைலுக்குள் ஓய்ந்துவிடுகிறது. சிற்றலையோ வானை நோக்கிச் சென்று, ஞாயிற்றின் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற மேல்வளி மண்டலத்திலே வளைந்து, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் மீண்டும் பூமிக்கு இறங்குகிறது. பகலிலே பதின்மூன்றும் பத்தொன்பதும் நன்கு கேட்கும்; பொழுது சாய்ந்ததும் முப்பத்தொன்றும் நாற்பத்தொன்றும் நாற்பத்தொன்பதும் உயிர்பெறும். பதினோராண்டுக்கு ஒருமுறை ஞாயிற்றிலே கரும்புள்ளிகள் பெருகிக் குறைவதற்கேற்ப இந்த ஒழுங்கும் மாறும். வான்கணக்கு இத்துணை நுட்பமாயிருக்க, அதனைப் பள்ளிக்கூடம் செல்லாத மீனவரும் காதாலேயே அறிந்து வைத்திருந்தார் என்பதுதான் வியப்பு.

சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என்று நீளும் எமது கரை, சிற்றலை கேட்பதற்கென்றே வாய்த்தது போன்றது. நிலம் தட்டை, மலையின் மறைப்பு இல்லை. உவரூறிய ஈரமண் மின்னை நன்கு கடத்தும். ஏரியல் கட்டக் கம்பம் நாட்ட வேண்டியதில்லை. இரண்டு தென்னைகள் போதும். ஆனால் அதிலும் ஒரு கைத்தொழில் இரகசியம் உண்டு. வாடைக்காற்றும் சோளகமும் வீசும்போது தென்னைகள் ஒன்றை நோக்கி மற்றொன்று ஆடும். இழுத்துக் கட்டிய செப்புக்கம்பி ஒரே இரவில் அறுந்துவிடும். ஆகவே ஒரு முனையிலே கயிற்றைக் கப்பியில் மாட்டி, அதன் நுனியிலே ஒரு கல்லைத் தொங்கவிடுவர். மரம் ஆடக் கல் ஏறி இறங்கும்; கம்பி அறாது. வலைக்கயிற்றோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இக்கரையிலே கேட்கப்பட்டவற்றுள் முதலிடம் ரேடியோ சிலோனுக்கு. கொழும்பிலே 1925ஆம் ஆண்டு டிசெம்பரில் முறையாகத் தொடங்கிய ஒலிபரப்பு, இரண்டாம் உலகப்போரின் வழியாகத்தான் உலகளாவிய குரலைப் பெற்றது. தென்கிழக்காசியாவில் நின்ற நேசப்படையினருக்காக இலங்கையில் நடத்தப்பட்ட நிலையத்துக்கு, ஏக்கலையிலே நூறு கிலோவாற்று ஆற்றலுள்ள சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்தபின் அது இலங்கைக்கு உரியதாயிற்று. 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர், அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்களை ஏறத்தாழ ஒதுக்கிவைக்க, இந்தியக் குடும்பங்களின் காதுகள் கடல்கடந்து கொழும்பை நோக்கித் திரும்பின. 1957இல் விவிதபாரதி பிறந்ததற்கே இந்தப் போட்டிதான் காரணம். தமிழிலே எஸ். பி. மயில்வாகனனும், அவருக்குப் பின் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் போன்றோரும் தமிழகத்தின் கிராமங்களிலும் உறவினர் போலப் பெயர் சொல்லி அழைக்கப்பட்டனர். எந்த அரசாங்கமும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாத தூதுப்பணி அது.

எமது இல்லத்துப் பெட்டி பெரியப்பா வாங்கியது. ஐந்து வால்வுகள்; தேக்குமர உடல்; முகப்பிலே நிலையம் சரியாக அமைந்ததும் இமை குவிக்கும் பச்சைக் கண். திருகியவுடன் அது பேசாது. வால்வுகள் சூடேற அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்திலே வீட்டார் பாயை விரித்து, விளக்கைத் தள்ளிவைத்து, குழந்தைகளை அதட்டி அமர்த்திவிடுவர். முதலிலே ஒரு முனகல், பின் இரைச்சல், அதனுள்ளிருந்து மெல்ல ஒரு மனிதக் குரல். தூரத்திலிருந்து வருகிறது என்பதை அந்தக் குரலே சொல்லும். அலைபோல எழுந்து தாழும். இன்றைய கைபேசியிலே இலண்டனும் அடுத்த வீடும் ஒரே தெளிவோடு பேசுகின்றன. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் தூரம் என்பது அதிலே காதுக்குத் தெரிவதில்லை.

யுத்தகாலத்திலே இந்தப் பெட்டி பொழுதுபோக்காக இருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் வந்து தங்கினர். விட்டுவந்த வீடும் தோட்டமும் என்னவாயின என்று அறிய அவர்களுக்கிருந்த வழிகளுள் இரவிலே கேட்கும் பீ.பீ.ஸி. தமிழோசை முக்கியமானது. சிறுவராயிருந்த நாம், ஒரு சிறு பெட்டியைச் சுற்றி இருபது முப்பது பேர் வாய்பேசாது குந்தியிருந்ததைக் கண்டிருக்கிறோம். அதேவேளை பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்திலே, துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னிலே அதே செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தனர். இரு கரையாரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் ஒரே நிமிடத்தில் ஒரே வாக்கியத்தைக் கேட்டனர்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கை. 1996இலே அரசாங்கம் மின்சாரத்தைச் சேமிக்கவென்று நாட்டின் கடிகாரத்தை மே மாதத்தில் ஒரு மணி நேரம் முன்தள்ளி, ஒக்டோபரில் அரைமணி பின்னிழுத்தது. ஒன்பதேகாலுக்கு வந்த தமிழோசை பத்தேகாலுக்கு ஓடி, பின் ஒன்பதே முக்காலுக்குத் திரும்பி நின்றது. 2006இலேதான் பழைய நேரம் மீண்டது. அதுவரை பெரியப்பா சுவரிலே இரு கடிகாரங்கள் வைத்திருந்தார். ஒன்று அரசாங்கத்துக்கு, மற்றது வானொலிக்கு.

கேட்பது மட்டுமே எமது கரையின் பங்காக இருந்திருந்தால் இக்கட்டுரை இனிய நினைவோடு முடிந்திருக்கும். சிலாபத்திற்குத் தெற்கே இரணவில என்னும் கடலோரக் கிராமத்தின் கதையையும் சொல்லாது விடுவது நேர்மையாகாது.

அமெரிக்கக் குரல் நிலையம் 1951 முதலே இலங்கையின் ஒலிபரப்பிகளைப் பயன்படுத்தி வந்தது. 1980களிலே அதனைப் பன்மடங்கு விரிவாக்கும் ஒப்பந்தம் எழுந்தபோது இந்தியா ஐயுற்றது. 1987 யூலை 29இல் இலங்கை இந்திய உடன்படிக்கை கைச்சாத்தானபோது பரிமாறப்பட்ட கடிதத்திலும் இது இடம்பெற்றது. வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களின் வசதிகள் இராணுவ, உளவுத் தேவைகளுக்குப் பயன்படாதவாறு மீளாய்வு செய்யப்படும் என்று இலங்கை ஒப்புக்கொண்டது. பேரரசுகளின் கவலை கடிதத்தில் ஏறிவிட்டது. இரணவில மீனவர்களின் கவலைக்கு அத்தகைய கடிதம் எதுவும் இருக்கவில்லை.

சிற்றலை கேட்பதற்கு இக்கரை ஏன் நல்லதோ, அதே காரணங்களாலேயே ஒலிபரப்புவதற்கும் நல்லது. முன்னே திறந்த கடல், கீழே உவர் நிலம். தாழ்ந்த கோணத்தில் புறப்படும் அலை வெகுதூரம் பாயும். பல நூறு ஏக்கர் கடலோர நிலம் வேலியடைக்கப்பட்டது. கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தனர். கரைவலை இழுக்கும் கரை போய்விடுமோ, ஆற்றல்மிக்க அலைகள் உடலுக்குத் தீங்கு செய்யுமோ என்பன அவர்களது அச்சங்கள். இரண்டாவது அச்சத்தைப் பற்றிப் பொறியியலாளர் பாதுகாப்பு அளவுகளைக் காட்டி விடைகூறலாம். முதலாவதற்கு எந்த அளவுகோலும் விடையாகாது. நிலையம் எழுந்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து அங்கிருந்து ஆசியாவின் தொலைநாடுகளுக்குச் செய்திகள் சென்றன.

இதிலே இயற்கை வைத்த ஒரு முரணையும் மாணவர் கவனிக்க வேண்டும். சிற்றலை நிலையத்தைச் சுற்றிச் சில மைல் வரையே நில அலை எட்டும். வானலையோ பலநூறு மைலுக்கு அப்பாலேதான் இறங்கும். இடைப்பட்ட பகுதியிலே எதுவும் நன்கு கேளாது. அதனை ஊமை வலயம் என்னலாம். மத்திய ஆசியாவிலே ஒருவர் தெளிவாகக் கேட்கும் குரல், சில பத்து மைலுக்கு அப்பாலுள்ள எமது பெட்டியிலே இரைச்சலாகவே கரைந்துபோயிற்று.

2016இலே நிலையம் மூடப்பட்டது. ஏரியல் கோபுரங்கள் இறங்கின. 2020இலே கோவிட் பெருந்தொற்று வந்தபோது, அந்தக் கட்டடங்கள் நோயாளரைப் பராமரிக்கும் மருத்துவமனையாக்கப்பட்டன. 2017 ஏப்ரில் 30ஆந் திகதி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் நின்றது. 1941 மே மாதம் தொடங்கி எழுபத்தாறாண்டு நிறைவதற்கு மூன்று நாள் இருந்தது. அன்றிரவு பெரியப்பாவின் பெட்டி ஏற்கனவே ஊமையாயிருந்தமையால் எம்மால் அதனைக் கேட்கவும் இயலவில்லை.

இப்பொழுது பழைய வானொலிகளுக்குக் கொழும்பிலே மீண்டும் கிராக்கி ஏற்பட்டிருக்கிறது. உல்லாச விடுதிகளிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் அலங்காரமாக வைக்கிறார்கள். உட்பாகம் முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டு, கைபேசிப் பாட்டு ஒலிக்கும் சிறு பலகையொன்றை வைத்து மூடுவதும் வழக்கமாகிவிட்டது. எமது பெட்டியையும் அவ்வாறு செய்துதர ஒருவர் முன்வந்தார். மரத்தை வைத்துக்கொண்டு குரலை எறிவது எமக்கு ஒவ்வவில்லை. சிலாபத்திலே வானொலி திருத்தும் ஒரு முதியவரிடம் கொண்டுசென்றோம். பின்மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். "உப்பு தின்றிருக்கு தம்பி. ஆனால் செத்துப்போகவில்லை" என்றார்.

உப்புக் காற்றினால் ஒலிபெருக்கியின் டிரான்ஸ்போமரிலே மயிரிழை போன்ற செப்புக்கம்பி பச்சைக்களிம்பேறி அறுந்திருந்தது. கடதாசிச் சுருள் வைத்த கொண்டென்சர்கள் யாவும் கசிந்திருந்தன. முள்ளை நகர்த்தும் நூலை எலி தின்றிருந்தது. வால்வுகள் ஐந்தும் நலம். முதியவர் நேரே மின்சாரம் கொடுக்கவில்லை. அறுபது வாற்று மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்து, அதன் ஒளி பெருகுகிறதா மங்குகிறதா என்று பார்த்துப் பார்த்தே உயிர் கொடுத்தார். உள்ளே ஏதேனும் குறுக்கோடியிருந்தால் குமிழ் பளிச்சென்று எரிந்து பெட்டியைக் காக்குமாம். இதைப் படிக்கும் மாணவர்கள் ஆர்வமிகுதியால் இப்பெட்டிகளைத் தாமே திறக்க வேண்டா. உள்ளே இருநூற்றைம்பது வோல்ற்று வரை இருக்கும். செருகியைக் கழற்றிய பின்பும் சிறிதுநேரம் தங்கியிருக்கும்.

வீட்டிற்குக் கொணர்ந்து வைத்தபோது முதலில் ஏமாற்றமே. முப்பத்தொரு மீற்றரிலே ஒரே கரகரப்பு. குற்றம் பெட்டியுடையதன்று, வீட்டிலுள்ள எல்.ஈ.டி. விளக்குகளும் கைபேசி மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சல் அது. ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பிள்ளைகள் முணுமுணுத்தனர். பழைய தென்னைகள் இரண்டுக்கும் நடுவே கம்பியை மீண்டும் கட்டி, கல்லையும் தொங்கவிட்டோம். இரவு எட்டு மணியளவில் சீனமொழி ஒன்று வந்தது. பின் குர்ஆன் ஓதுதல். பின் எந்நாடென்று அறியாத ஒரு வயலின். முன்னர் தோளோடு தோள் நெருங்கி நின்ற நிலையங்கள் இன்று ஊர்விட்டு ஊர் தள்ளிய வீடுகள்போல ஆங்காங்கே இருக்கின்றன.

முள்ளை மேலும் நகர்த்தியபோது வாத்துக் கத்துவது போன்ற ஓர் ஒலி கேட்டது. பிள்ளைகள் சிரித்தனர். அயல்வீட்டிலிருந்து வந்திருந்த படகுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டிக்கு அருகே காதை வைத்தார். பலநாட் படகுகள் ஆழ்கடலிலிருந்து கரையோடு பேசுவது இன்றும் சிற்றலையிலேதான். ஆனால் அவை அலையின் ஒரு பக்கத்தை மட்டுமே அனுப்புவதால், அதற்கென அமைந்த கருவியிலன்றிப் பழைய பெட்டியிலே சொற்கள் பிரியா. வாத்தின் குரலாகவே ஒலிக்கும்.

"சொல் விளங்குகிறதா?" என்று கேட்டோம்.

"விளங்கவில்லை, சேர். ஆனால் ஆள் பேசுகிறான்" என்றார், தமது மகன் பதினெட்டு நாளாகக் கடலில் இருப்பதாகவும் சொன்னார். அந்த ஒலி அடங்கும்வரை முள்ளை நாம் நகர்த்தவில்லை.