ஒரு தூண் போனால்

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையார் கோயில் மண்டபத்தில் நிழலுக்கு ஒதுங்குபவர்கள் தலைக்கு மேலே ஒருமுறை பார்க்கலாம். தூண்மேல் போதிகை, அதன்மேல் உத்திரம், அதற்கும் மேலே பாவுகல். ஒன்றின்மேல் ஒன்றாக அவற்றை இருத்தி வைத்திருப்பது பெரும்பாலும் கல்லின் எடைதான்.

இதில் ஒரு தூண் சரிந்தால்? அதன்மேல் வந்து சேரும் உத்திரங்கள் விழும், அவை தாங்கிய பாவுகற்களும் விழும். கல் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். ஆனால் பக்கத்துத் தூணைக் கூடவே இழுத்துச் சாய்க்க அங்கே கட்டு எதுவும் இல்லை. சேதம் அநேகமாக அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும். இதுவும் ஒரு பாதுகாப்புதான்.

அதே பாதையோரம் எழும் காங்கிரீட் விடுதிகளின் கணக்கு வேறு. நடுவில் ஒரு பில்லர் போனால், இருபுறத்து பீம்களும் சேர்ந்து இரட்டை நீளமுள்ள ஒரே பீமாகிவிடும். நீளம் இரண்டு மடங்கானால் வளைக்கும் விசை நான்கு மடங்காகும். அதைவிடப் பெரிய வம்பு, விசையின் திசையே புரண்டுவிடுவது. பில்லர் இருக்கும்வரை அதன் தலைக்கு நேரே பீமின் மேற்புறம்தான் இழுபடும். அதனால் அங்கே கம்பியை மேலே கூடுதலாகக் கட்டுவார்கள். பில்லர் போனதும் அதே இடம் கீழே தொய்ந்து, அடிப்புறம் இழுபடும். அடிக்கம்பி பில்லரோடு முடிந்திருந்தால் பீம் இரண்டாகும். தொடர்ந்து ஓடியிருந்தால், காங்கிரீட் வெடித்தாலும் பீம் துணிக்கொடிபோலத் தொய்ந்து தொங்கும். பாரம் அக்கம்பக்கத்துப் பில்லர்களுக்குப் போகும். உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓட அந்த அவகாசம் போதும்.

கொடிக்கு இரண்டு பக்கமும் பிடிப்பு வேண்டும். மூலைப் பில்லருக்கு அது கிடையாது. 1968 மே 16 அன்று லண்டனின் ரோனன் பாயிண்ட் அடுக்குமாடியில் 18ஆவது மாடி மூலை வீட்டில் சமையல் எரிவாயு வெடித்துச் சுவர்கள் பெயர்ந்தன. மேல்தளங்கள் விழுந்த அதிர்ச்சியில் கீழ்த்தளங்களும் சரிந்து, 22 மாடிகளின் ஒரு மூலையே காணாமல் போனது. நால்வர் இறந்தார்கள். ஒரு வீட்டு விபத்து கட்டடத்தையே சாய்க்கக் கூடாது என்பதைப் பிரிட்டன் அதன்பிறகே விதியாக்கியது.

நமக்கு மௌலிவாக்கம் நினைவிருக்கும். 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் முழுதாக உட்கார்ந்தது. 61 பேர் மாண்டார்கள். அருகில் நின்ற இன்னொன்றை 2016 நவம்பர் 2 அன்று தூண்களில் வெடிமருந்து வைத்துச் சில நொடிகளில் தரைமட்டமாக்கினார்கள்.

வீடு கட்டுகிறவர்கள் சென்டரிங் முடிந்து கம்பி கட்டும் நாளில் மேலே ஏறிப் பாருங்கள்: பீமின் அடிக்கம்பி பில்லரோடு நின்றுவிடுகிறதா, கடந்து அடுத்த பீமுக்குள் போகிறதா? காங்கிரீட் கொட்டிவிட்டால் பார்க்க வழியில்லை.